அந்த அரை வினாடியை எப்படி அளப்பது? விழும் குண்டை வைத்து ‘ஜி’ கண்டுபிடிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குண்டைக் கீழே போடு, விழும் நேரத்தை அள, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடு. சொல்வதற்கு ஒரு வரிதான். ஆனால் வகுப்பில் நாற்பது பேரைச் செய்யச் சொன்னால், 9.8 மீட்டர்/வினாடி² அளவில் வர வேண்டிய இடத்தில் 7-லிருந்து 14 வரை எல்லா எண்களும் வந்து நிற்கும். அதன்பிறகு ஆரம்பிக்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். இயற்பியல் நோட்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தாக எழுதும் அந்த முடுக்கத்தை இங்கே ‘ஜி’ என்றே எழுதுகிறேன். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் முடுக்கம் என்ற இடத்தில் ஆர்முடுகல் என்று வாசித்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு என்ன?

ஓய்விலிருந்து விழும் பொருளுக்கு, உயரம் = ½ × ஜி × (நேரம்)². திருப்பிப் போட்டால் ஜி = 2 × உயரம் ÷ (நேரம்)². உயரத்தை அளக்க இன்ச் டேப் போதும், அதில் பெரிதாகத் தப்பு வராது. எல்லா வம்பும் நேரத்தில்தான், அதுவும் வர்க்கமாக வருவதால். நேரத்தில் 5 சதவீதம் பிசகினால் ஜி-யில் 10 சதவீதம் பிசகும்.

ஸ்டாப்வாட்ச் வைத்துச் செய்தேன். ஒருமுறை 13 வந்தது, அடுத்தமுறை 7 வந்தது. என்ன தப்பு செய்தேன்?

எதுவுமில்லை. 2 மீட்டர் உயரத்திலிருந்து குண்டு தரைக்கு வர 0.64 வினாடிதான் ஆகும். உங்கள் கட்டைவிரல் 0.1 வினாடி முந்திக்கொண்டு 0.54 என்று நிறுத்தினால் ஜி 13.7 ஆகிவிடும். 0.1 வினாடி பிந்தி 0.74 என்று நிறுத்தினால் 7.3. கடிகாரம் நூறில் ஒரு பங்கு வினாடி வரை காட்டுகிறதே என்று வாதாடுவார்கள். கடிகாரம் காட்டும், விரல் காட்டாது.

இன்னொரு விஷயமும் உண்டு. தொடங்கும்போதும் தாமதம், நிறுத்தும்போதும் தாமதம், இரண்டும் கழிந்துவிடாதா என்று கேட்பார்கள். நாமே குண்டை விட்டு நாமே பொத்தானை அழுத்தினால், விடப்போவது நமக்கு முன்கூட்டியே தெரியும். தரையில் படுவதையும் கண் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் வேறுவேறு அளவில் முந்தும், பிந்தும். கழிந்துவிடும் என்று நம்ப முடியாது.

அப்படியானால் மூன்றாவது மாடியிலிருந்து போட்டால் சரியாகிவிடுமா?

கொஞ்சம் சரியாகும். 10 மீட்டருக்கு 1.43 வினாடி. அதே 0.1 வினாடிப் பிழை இப்போது ஜி-யில் 14 சதவீதம். 2 மீட்டரில் சுமார் 31 சதவீதமாக இருந்தது 14-க்கு வந்ததற்காக, கீழே நடப்பவர் தலைமேல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இரும்புக் குண்டை இறக்கப்போகிறீர்கள். வேண்டாம். உயரத்தைக் கூட்டுவதை விட, விரலை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுவதே வழி.

ஸ்கேலைப் பிடிக்கும் சோதனையும் ஜி கண்டுபிடிக்கத்தானா?

இல்லை, அது தலைகீழ். நண்பர் ஸ்கேலைச் சொல்லாமல் விடுவார், நீங்கள் இரு விரலால் பிடிப்பீர்கள். ஜி தெரியும் என்று வைத்துக்கொண்டு உங்கள் எதிர்வினை நேரத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. 15 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.175 வினாடி, 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.20 வினாடி. ஜி சோதனைக்கு முன் இதை ஒருமுறை எல்லோரையும் செய்ய வைப்பேன். ஸ்டாப்வாட்ச் ஏன் கூடாது என்று அதற்கப்புறம் விளக்கவே வேண்டியதில்லை.

மின்காந்தம் வைத்துச் செய்யும் முறை எப்படி?

மேலே ஒரு மின்காந்தம் எஃகுக் குண்டைப் பிடித்திருக்கும். சுவிட்சை அணைத்ததும் குண்டு விழும், அதே நொடியில் மின்னணுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கீழே ஒரு தகடு. குண்டு பட்டதும் அது சாய்ந்து மின்சுற்றைத் துண்டிக்கும், கடிகாரம் நிற்கும். விரலுக்கு வேலையே இல்லை.

உயரத்தைக் குண்டின் அடிப்பக்கத்திலிருந்து தகட்டின் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும். குண்டின் மையத்திலிருந்து அளந்து அரை விட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வருடத்துக்கு நான்கு பேராவது இருப்பார்கள். தகடு குண்டுக்கு நேர் கீழே இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று போதும்.

மின்காந்த முறையில் எல்லாம் சரியாகச் செய்தும் 8.5, 9 என்று குறைவாகவே வருகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

சுவிட்சை அணைத்தாலும் இரும்பு உள்ளகத்தில் காந்தத்தன்மை உடனே போய்விடாது. கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும், குண்டோ இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தாமதம் 0.02 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் விழ உண்மையில் 0.286 வினாடி ஆகும், கடிகாரம் 0.306 காட்டும், ஜி 8.5 என்று வரும். 120 சென்டிமீட்டருக்கு 0.495-க்குப் பதில் 0.515 காட்டும், ஜி 9.0.

கவனித்தீர்களா, உயரம் கூடக் கூட ஜி கூடுகிறது. தாமதம் மாறாமல் அதே அளவில் இருப்பதால், நேரம் நீள நீள அதன் பங்கு குறைகிறது. உங்கள் அட்டவணையில் இப்படி ஏறுமுகமாக இருந்தால், காந்தம் குண்டைத் தாமதமாக விடுகிறது என்று அர்த்தம். பத்துமுறை திரும்பச் செய்து சராசரி எடுத்தாலும் இது போகாது. சராசரி போக்குவது முன்னும் பின்னும் தடுமாறும் பிழையை மட்டும்தான். ஒரே பக்கமாக இழுக்கும் பிழையை அல்ல.

மருந்து இரண்டு. ஒன்று, குண்டு விழாமல் இருக்கத் தேவையான மின்னோட்டத்தை மட்டும் கொடுங்கள். காந்தத்துக்கும் குண்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். இரண்டு, வரைபடத்தை மாற்றிப் போடுங்கள்.

எந்த வரைபடம்?

வழக்கமாக உயரத்தை நேரத்தின் வர்க்கத்துக்கு எதிராகப் போடச் சொல்வார்கள். சாய்வை இரண்டால் பெருக்கினால் ஜி. தாமதம் இல்லையென்றால் இது நல்ல வரைபடம். தாமதம் இருந்தால் கோடு லேசாக வளையும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. நாமும் ஸ்கேலை வைத்து நேராக்கிவிடுவோம்.

அதற்குப் பதில் √(2 × உயரம்) என்பதை நேரத்துக்கு எதிராகப் போட்டுப் பாருங்கள். தாமதம் இருந்தாலும் இது நேர்க்கோடுதான். சாய்வு √ஜி. கோடு நேர அச்சை எங்கே வெட்டுகிறதோ அதுதான் காந்தத்தின் தாமதம். மேலே சொன்ன இரண்டு அளவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். √0.8 = 0.894, √2.4 = 1.549, வித்தியாசம் 0.655. நேரங்களின் வித்தியாசம் 0.515 − 0.306 = 0.209. வகுத்தால் 3.13, அதன் வர்க்கம் 9.8. கெட்ட அளவுகளிலிருந்தே நல்ல ஜி கிடைத்துவிட்டது. தேர்வில் இதைக் கேட்கமாட்டார்கள், ஆனால் செய்முறை நோட்டில் இருந்தால் எந்த ஆசிரியரும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

எங்கள் பள்ளியில் இந்தக் கருவி எதுவும் இல்லை. போன் மட்டும் இருக்கிறது.

போதும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியில், ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று இருக்கிறது. முதல் சத்தத்தில் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும்.

மேசை விளிம்புக்கு வெளியே ஒரு மர ஸ்கேலை நீட்டி, அதன் நுனியில் குண்டை வையுங்கள். ஸ்கேலின் பக்கவாட்டில் ஒரு கரண்டியால் பட்டென்று தட்டினால் ஸ்கேல் விலகிவிடும், குண்டு விழும். தட்டும் சத்தம் ஒன்று, கீழே வைத்த பிஸ்கட் டின் மூடியில் ‘டங்’ என்று விழும் சத்தம் ஒன்று. குண்டு லேசாகப் பக்கவாட்டில் போனாலும் பரவாயில்லை, கீழே இறங்கும் நேரம் மாறாது.

எதிரொலியோ தட்டிய அதிர்வோ கடிகாரத்தை உடனே நிறுத்திவிடாமலிருக்க, குறைந்தபட்சத் தாமதம் என்ற இடத்தில் 0.1 வினாடி வையுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வகுப்பை அமைதியாக வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

போனை எங்கே வைப்பது? எங்கே வைத்தாலும் ஒன்றுதானே?

இல்லை. ஒலி ஒரு மீட்டர் போகவே 0.003 வினாடி எடுக்கும். போன் தரையில் இருந்தால், 1 மீட்டர் மேலே எழுந்த முதல் சத்தம் அதற்கு 0.003 வினாடி தாமதமாக எட்டும். இரண்டாவது சத்தமோ உடனே எட்டும். ஆக, அளந்த நேரம் குறைந்துவிடும், 9.78 வர வேண்டிய இடத்தில் 9.91 வரும். போனை மேலே வைத்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும். ஒரு ஸ்டூலில் சரிபாதி உயரத்தில் வைத்துவிட்டால் இரு சத்தங்களும் ஒரே அளவு தாமதமாக வரும், பிரச்சினை தீர்ந்தது.

வீடியோ எடுத்துச் செய்யலாமா?

தாராளமாக. சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படம்தான், ஸ்லோ மோஷனில் பல போன்கள் 240 எடுக்கும். ஒரு மீட்டர் விழுவதற்குள் நூற்றுக்கு மேல் படங்கள் கிடைத்துவிடும். இரண்டு இடங்களில் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

அளவுகோலைச் சுவரில் ஒட்டிவிட்டு, சுவரிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னால் குண்டைப் போடுவார்கள். கேமரா குண்டிலிருந்து 2 மீட்டரில் இருந்தால் சுவரிலுள்ள ஸ்கேல் சுமார் 9 சதவீதம் சிறியதாகத் தெரியும். அதை வைத்து அளந்தால் ஜி 10.8 என்று வரும். ஸ்கேலும் குண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், போன் 240 படம் எடுத்துவிட்டு அதை வினாடிக்கு 30 என்று மெதுவாக ஓட்டிச் சேமிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் 1/30 வினாடி என்று கணக்கிட்டால் ஜி 64 மடங்கு குறைந்து 0.15 என்று வரும். நிலாவிலேயே 1.6 இருக்கிறது. 0.15 வந்தால் இங்கேதான் தேடுங்கள்.

போனில் முடுக்கமானி இருக்கிறதே, நேராக அதையே பார்த்துவிடலாமே? ஆனால் மேசையில் சும்மா இருக்கும்போது 9.8 காட்டுகிறது, விழும்போது 0 காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெட்டுப்போகவில்லை. போனுக்குள் இருப்பது சுருள்வில்லில் மாட்டிய ஒரு நுண்ணிய நிறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வில் எவ்வளவு இழுபடுகிறது என்றுதான் அதற்குத் தெரியும். மேசை மேல் இருக்கும்போது நிறை கீழே தொங்கி வில்லை இழுக்கிறது, அதனால் 9.8. விழும்போது நிறையும் போனும் ஒன்றாக விழுகின்றன. யாரும் யாரையும் இழுப்பதில்லை, 0. ராட்டினம் சட்டென்று இறங்கும்போது வயிறு காலியானதுபோல் இருக்குமே, அதே கதைதான்.

இந்த பூஜ்யத்தையே பயன்படுத்தலாம். பதிவை ஓடவிட்டு, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போனை மெத்தையில் போடுங்கள். எவ்வளவு நேரம் பூஜ்யத்தை ஒட்டி இருந்ததோ அதுதான் விழுந்த நேரம். சுழலாமல் விட வேண்டும். போன் உங்களுடையதாக இருப்பது நல்லது.

டிக்கர் டேப்பில் (விழும் எடையோடு கட்டிய காகித நாடாவில் கருவி ஒன்று சம இடைவெளி நேரத்தில் புள்ளி குத்துமே, அதில்) முதல் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடுகின்றன. என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். தெளிவாகத் தெரியும் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து தொடங்கலாம், அது ஓய்வுப் புள்ளியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே இரண்டு புள்ளிக்கு நடுவே 0.02 வினாடி. இரண்டிரண்டு இடைவெளிகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 0.04 வினாடி. அடுத்தடுத்த துண்டுகளின் நீளம் ஒரே அளவில், ஏறக்குறைய 1.56 சென்டிமீட்டர் வீதம், கூடிக்கொண்டே போகும். அந்தக் கூடுதலை (0.04)²-ஆல் வகுத்தால் ஜி. டேப் கருவியில் உரசுவதால் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். கனமான எடையைக் கட்டினால் உரசலின் பங்கு குறையும்.

எந்தப் பந்தை எடுப்பது? கனமானது வேகமாக விழுமா?

காற்று இல்லையென்றால் எல்லாம் ஒன்றாக விழும். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலாவில் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒரே நேரத்தில் விட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன.

வகுப்பறையில் காற்று இருக்கிறது. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு 2 மீட்டர் விழும்போது காற்றால் ஜி-யில் ஏற்படும் குறைவு 0.02 அளவுதான், மறந்துவிடலாம். டேபிள் டென்னிஸ் பந்தின் எடை 2.7 கிராம். அதே 2 மீட்டர் விழுந்து தரையை நெருங்கும்போது காற்று அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு விசையோடு எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டால் ஜி 9.0 வரும். காற்றுத்தடை பற்றிய செய்முறைக்கு அருமையான பந்து; ஜி-க்கு ஆகாது.

விடை 9.8-ஆ, 9.81-ஆ, 10-ஆ?

1901-இல் எடைகள், அளவைகளுக்கான சர்வதேச மாநாடு 9.80665 என்பதைத் திட்ட மதிப்பாக வைத்தது. அது பேச்சுக்கு வைத்துக்கொண்ட பொது எண். உண்மை மதிப்பு இடத்துக்கு இடம் மாறும்: நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. பூமி சுழல்கிறது, நடுவே கொஞ்சம் புடைத்தும் இருக்கிறது. சென்னையில் சுமார் 9.783, யாழ்ப்பாணத்தில் 9.782. ஐரோப்பியப் புத்தகங்களில் 9.81 என்று போடுவது அவர்கள் ஊருக்குப் பொருந்தும். நம் ஊரில் மிக நுட்பமாக அளந்த மாணவி 9.78 என்று எழுதினால் அவள் பக்கம்தான் நியாயம், 9.81-லிருந்து எவ்வளவு விலகல் என்று சதவீதம் கேட்பதுதான் அநியாயம். 10 என்பது கணக்கைச் சுலபமாக்கத் தரும் சலுகை. செய்முறையில் அதற்கு இடமில்லை.

இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு வழக்கத்தைவிடக் குறைவான பெரிய பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே சராசரிக் கடல்மட்டமே, எதிர்பார்க்கும் மட்டத்தைவிடச் சுமார் 100 மீட்டர் தாழ்வாக இருக்கும். பள்ளிக் குண்டுக்கு இதெல்லாம் தெரியாது, நான்காவது இலக்க விஷயம்.

தனி ஊசலில் சுலபமாக 9.8 வருகிறதே, பிறகு எதற்கு இந்தக் கஷ்டம்?

ஊசலில் நேரம் சேர்ந்துகொண்டே போகிறது. 1 மீட்டர் ஊசல் 20 அலைவுகளுக்கு 40 வினாடி எடுக்கும். விரல் 0.2 வினாடி தடுமாறினாலும் ஜி-யில் ஒரு சதவீதம்தான் பிழை. அதே ஸ்டாப்வாட்ச், அதே விரல். (30 பாகைக்கு இழுத்துவிட்டு ஆட்டினால் மட்டும் மூன்றரை சதவீதம் போய்விடும், சின்னக் கோணம் போதும்.) ஜி மட்டும் வேண்டுமென்றால் ஊசலே மேல். ஆனால் ஊசலின் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று பதினொன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. விழும் குண்டில் மறைக்க எதுவுமில்லை.

துல்லியமான கடிகாரம் இல்லாத காலத்தில் கலிலியோ எப்படி அளந்தார்?

பைசா கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டார் என்ற கதையை அவருடைய மாணவர் விவியானி பின்னாளில் எழுதிவைத்தார். நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ விவரிப்பது சாய்வுப் பலகை. விழுவது வேகமாக இருக்கிறதா, பலகையைச் சாய்த்து அதை மெதுவாக்கு; நேரத்துக்கு, ஒரு பாத்திரத்திலிருந்து சன்னமாக ஒழுகும் தண்ணீரைப் பிடித்துத் தராசில் நிறு.

எனக்கு இவரைவிட ரிச்சியோலியைத்தான் பிடிக்கும். இயேசு சபைத் துறவி. இத்தாலியின் போலோன்யா நகரில் 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்திலிருந்து உண்மையாகவே குண்டுகளைப் போட்டு, ஊசலை வைத்து நேரம் எண்ணியவர், 1651-இல் வெளியிட்டார். அந்த ஊசல் சரியாக ஒரு வினாடிக்கு ஆடுகிறதா என்று பார்க்க, சக துறவிகள் ஒன்பது பேரை முறைபோட்டு 24 மணி நேரம் ஆட்டத்தை எண்ண வைத்தார். பத்து அளவீடு எடுக்கச் சொன்னால் முனகுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இன்று விஞ்ஞானிகள் எப்படி அளக்கிறார்கள்?

இப்போதும் போட்டுத்தான் பார்க்கிறார்கள். வெற்றிடக் குழாய்க்குள் ஒரு சிறு மூலைக் கண்ணாடியைச் சுமார் 20 சென்டிமீட்டர் விழவிட்டு, அது திருப்பியனுப்பும் லேசர் ஒளியின் குறுக்கீட்டுப் பட்டைகளை (ஒளியும் இருளுமாக மாறிமாறி வரும் வரிகளை) எண்ணி, நேரத்தை அணுக்கடிகாரத்தோடு ஒப்பிடுவார்கள். எட்டாவது தசம இலக்கம் வரை நம்பலாம். நிலத்தடி நீர் ஏறி இறங்குவதைக்கூட இதில் பார்க்க முடியும். இந்தத் துறையின் அலகுக்குப் பெயர் ‘கால்’: ஒரு கால் என்பது 1 செ.மீ/வி². கலிலியோ பெயரிலிருந்து வந்தது.

எனக்கு 9.3 வந்திருக்கிறது. நோட்டில் 9.8 என்று எழுதிவிடலாமா?

எல்லோரும் செய்கிறார்கள், நானும் பள்ளிக்கூடத்தில் செய்தேன். நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு 0.452 என்று எழுதி, கைப்பட்டதுபோல் இருக்கட்டும் என்று ஒன்றிரண்டை 0.451, 0.453 என்று மாற்றி வைத்தேன். ஸ்டாப்வாட்ச் இரண்டு தசமம்தான் காட்டும் என்பது மறந்துவிட்டது. ஆசிரியர் மூன்றாவது இலக்கத்தை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

9.3 ± 0.4 என்று எழுதுங்கள். அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி சேருங்கள்: ஒரே உயரத்தில் எடுத்த நேரங்கள் எவ்வளவு சிதறின, உயரம் அளந்ததில் எத்தனை மில்லிமீட்டர் சந்தேகம். உயரத்தோடு ஜி ஏறுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏறினால் காந்தத்தில் காகிதம் செருகி நாளை மறுபடி போடுங்கள்.